ஒரே தண்டவாளம், பல உத்தரவுகள்

மேசைமேல் ஓடும் குட்டி ரயிலுக்குத் தண்டவாளம்தான் பாதை, மின்கம்பியும் அதுவேதான். ஒரு தண்டவாளத்தில் வரும் மின்சாரம் அந்தப் பக்கத்துச் சக்கரங்கள் வழியாக என்ஜினுக்குள் ஏறி, விரல்நுனி அளவே உள்ள மோட்டாரைச் சுழற்றிவிட்டு, மறுபக்கத்துச் சக்கரங்கள் வழியாக அடுத்த தண்டவாளத்தில் இறங்கிவிடுகிறது. இரு பக்கமும் நேரடியாக இணைந்துவிடாதபடி சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே பிளாஸ்டிக் வளையம் செருகியிருப்பார்கள். 12 வோல்ட் நேர்மின்சாரம் போதும். குமிழைத் திருகினால் வோல்ட் ஏறும், ரயில் வேகமெடுக்கும். பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தால் பின்னோக்கி ஓடும். இவ்வளவுதான் ஏற்பாடு.

சிக்கல் எல்லாம் இரண்டாவது என்ஜினைத் தூக்கி வைத்ததும் தொடங்குகிறது. இரண்டும் ஒரே குமிழுக்குக் கட்டுப்பட்டவை. ஒன்று கிளம்பினால் மற்றதும் கிளம்பும், ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். ஆனால் ரயில் நிலையம் என்றால் பாசஞ்சர் லூப் லைனில் ஒதுங்கி நிற்க, எக்ஸ்பிரஸ் மெயின் லைனில் கடந்துபோக வேண்டும். அதைப் பார்க்கத்தானே மனிதர்கள் மாதக்கணக்கில் பலகை அறுத்துத் தண்டவாளம் பதிக்கிறார்கள்? எல்லா என்ஜின்களுக்கும் பொதுவான இரண்டே கம்பிகள். அதில் ஓர் என்ஜினிடம் மட்டும் பேசுவது எப்படி? குட்டி ரயில் உலகத்தின் மிக அழகான யோசனைகள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை.

முதலில் அளவைப் பற்றிக் கொஞ்சம். 1891-ல் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில், சாவி கொடுத்தால் ஓடும் ரயிலையும் அதற்கென நிர்ணயித்த அகலங்களில் தண்டவாளங்களையும் வைத்தது. இந்த ஆண்டு வாங்கிய தண்டவாளத் துண்டு அடுத்த ஆண்டு வாங்குவதோடு பொருந்தும் என்ற நிலை வந்த பிறகுதான் பொம்மை ரயில் ‘லேஅவுட்’ ஆக வளர முடிந்தது. இன்று உலகில் அதிகம் புழங்குவது ஹெச்.ஓ. எனப்படும் அளவு: அசலில் 87-ல் ஒரு பங்கு. அசல் ஸ்டாண்டர்டு கேஜ் 1,435 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 16.5. நம் நாட்டு அகல ரயில்பாதை 1,676 மில்லிமீட்டர் என்பதால், அதே கணக்கில் 19.3 மில்லிமீட்டர் வர வேண்டும். அந்த அகலத்தில் கடையில் ஆயத்தமாகத் தண்டவாளம் கிடைக்காது. எனவே இந்திய ரயிலை இந்த அளவில் செய்பவர்கள் பெரும்பாலும் 16.5-லேயே ஓட்டிக்கொள்கிறார்கள்.

நீளத்தைச் சுருக்கலாம், இயற்பியலைச் சுருக்க முடியாது. நீளம் 87-ல் ஒரு பங்கானால் எடை அதன் மும்மடிப்படி, அதாவது ஆறரை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. 120 டன் என்ஜின் விகிதம் மாறாமல் சுருங்கினால் 180 கிராம்தான் இருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம், மேசைமேல் வினாடிக்கு 32 சென்டிமீட்டர். அசல் ரயில் பிரேக் போட்டால் நிற்பதற்கு வெகுதூரம் ஆகும். குட்டி ரயிலோ மின்சாரத்தை நிறுத்திய மாத்திரத்தில் சட்டென்று நிற்கும், பொம்மை என்று அப்போதே தெரிந்துவிடும். அந்தக் கனத்தையும் தயக்கத்தையும் செயற்கையாகத்தான் உண்டாக்க வேண்டும். அதற்கு வேலை செய்யும் சில்லு பின்னால் வருகிறது.

இரண்டு ரயில்களை ஓட்டுவதற்கு முதலில் கண்ட வழி, பாதையைத் துண்டுபோடுவது. தண்டவாளத்தில் மெல்லிய இடைவெளி அறுத்து, பாதையை மின்சாரம் தனித்தனியாகப் பாயும் பிளாக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்சு வைத்தார்கள். சுவிட்சை ஒரு பக்கம் தள்ளினால் அந்த பிளாக் முதல் ஓட்டுநரின் குமிழுக்குப் போகும், மறுபக்கம் தள்ளினால் இரண்டாமவருக்கு. அசல் ரயில்வேயிலும் பிளாக் உண்டு, ஒரு பிளாக்கில் ஒரு ரயில்தான் என்பது அங்கே உயிர்காக்கும் விதி. மேசைமேல் அதே ஏற்பாடு மின்சாரத்தின் கட்டாயத்தால் வந்து சேர்ந்தது. ஆனால் ஓட்டுநர் தன் ரயில் போய்ச்சேரும் முன்பே அடுத்த பிளாக்கின் சுவிட்சைத் தள்ளியாக வேண்டும். மறந்தால் ரயில் நின்றுவிடும், அல்லது அடுத்தவரின் கைக்குப் போய்விடும். ரயிலைப் பார்ப்பதா, சுவிட்சைப் பார்ப்பதா?

இதைவிட நுட்பமான தொல்லை ஒன்று உண்டு. ரயிலைத் திருப்பி அனுப்ப, பாதையைப் பெரிதாக வளைத்து, புறப்பட்ட அதே பாதையிலேயே கொண்டுவந்து சேர்க்கிறோம் என்று வையுங்கள். காகிதத்தில் இரட்டைக் கோடாக வரைந்து, இடப்பக்கக் கோட்டின்மேல் விரலை வைத்து வளைவு முழுக்கப் போய்ப் பாருங்கள். திரும்பி வந்து சேரும்போது விரல் வலப்பக்கக் கோட்டில் நிற்கும். பிளஸ் மைனஸோடு போய் மோதுகிறது, உடனே ஷார்ட். நல்ல கம்பி, நல்ல டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் இதைத் தடுக்காது, ஏனென்றால் தவறு பொருளில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. வளைவை இரு முனையிலும் அறுத்துத் தனியாக்கி, ரயில் அதற்குள் இருக்கும்போது வெளிப்பாதையின் துருவத்தை மாற்றினால்தான் வெளியே வர முடியும். மார்க்லின் தன் ஹெச்.ஓ. ரயில்களுக்கு இன்றும் நடுவில் வரிசையாகப் பொட்டு பொட்டாய் மூன்றாவது மின்தொடர்பை வைத்திருக்கிறது. இரு தண்டவாளங்களும் ஒரே துருவம், நடுப்பொட்டுகள் மறு துருவம். இடமும் வலமும் சமமாகிவிட்டதால் வளைவுச் சிக்கல் அங்கே எழுவதே இல்லை. பார்ப்பதற்கு அவ்வளவு இயல்பாக இருக்காது. ஆனாலும் கணக்கைப் புரிந்தவர்களால் அதைக் குறை சொல்ல முடியாது.

சுவிட்சுத் தொல்லையை ஆட்கள் இல்லாமலே தீர்க்க முயன்றவர்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்கள். அங்கே 1946-ல் தொடங்கிய டெக் மாடல் ரயில்ரோடு கிளப்புக்கு, போர்க்காலத்தில் ராடார் ஆய்வுக்காக அவசரமாக எழுப்பிய 20-ஆம் எண் மரக் கட்டடத்தில் இடம் கிடைத்தது. கிளப்பில் இரு சாரார் இருந்தார்கள். மலை, வீடு, பெட்டிகள் என்று மேசைக்கு மேலே வேலை பார்த்தவர்கள் ஒரு சாரார். சிக்னல் மற்றும் மின்சார உபகுழு என்ற பெயரில் மேசைக்குக் கீழே புகுந்தவர்கள் இன்னொரு சாரார்.

கீழே இருந்தது, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். உவமைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே. டெலிபோன் கருவிகள் தயாரித்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் கல்லூரிகளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த ரிலேக்களையும் கிராஸ்பார் சுவிட்சுகளையும் கொண்டு அந்த மாணவர்கள் ரயிலோட்டும் இயந்திரம் ஒன்றைக் கட்டினார்கள். யோசித்தால் இதைவிடப் பொருத்தமான கருவி அப்போது உலகில் வேறு இல்லை. ஆயிரம் பேரில் யார் யாரை அழைத்தாலும் அந்த இருவரை மட்டும் இணைப்பது எக்ஸ்சேஞ்சின் வேலை. எந்த ஓட்டுநரை எந்த பிளாக்கோடு இணைப்பது என்பதும் அதே கணக்குதான். டெலிபோன் டயலைச் சுழற்றினால் இணைப்பு கிடைக்கும். ரயில் அடுத்த பிளாக்குக்கு நகர்ந்தால் ரிலேக்கள் கடகடவென்று விழுந்து எழுந்து, அந்த ஓட்டுநரின் குமிழை ரயிலின் பின்னாலேயே அனுப்பிவைக்கும். ரயில் எதிலாவது மோதப்போகிறது என்று தெரிந்தால் அடிப்பதற்கு அறையெங்கும் அவசர சுவிட்சுகள் இருந்தன. யாராவது அடித்தால் மின்சாரம் நின்று, பலகையிலிருந்த எண் கடிகாரத்தில் நேரத்துக்குப் பதில் ‘ஃபூ’ என்ற அர்த்தமில்லாத சொல் தோன்றும். நிரல் எழுதுகிறவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகளில் அதே சொல்லைப் பெயராக வைக்கிறார்கள்.

ரிலே என்பது ஒன்று மூடியிருக்கும், இல்லை திறந்திருக்கும். ‘இந்த பிளாக் காலி, அந்த பாயிண்ட் (பாதை பிரியும் இடம்) நேராக இருக்கிறது, என்றால் மட்டும் மின்சாரம்’ என்று ஆயிரக்கணக்கான முறை கம்பியால் எழுதிப் பழகியவர்களுக்குக் கணினி அந்நியமாகத் தெரியவில்லை. பீட்டர் சாம்சன், ஆலன் கோடக், பாப் சாண்டர்ஸ் போன்ற அந்த உபகுழு இளைஞர்கள், 1950-களின் கடைசியில் வளாகத்துக்கு வந்த டி.எக்ஸ்.-0 கணினியையும், பிறகு வந்த பி.டி.பி.-1 கணினியையும் இரவு இரவாக மொய்த்தார்கள். ஸ்டீவன் லெவி கணினிப் புரட்சியின் வீரர்களைப் பற்றி 1984-ல் எழுதிய நூலின் முதல் அத்தியாயமே இந்த ரயில் கிளப்பைப் பற்றியதுதான். 1962-ல் பி.டி.பி.-1 கணினியில் ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டு உருவானபோது, கணினியின் சுவிட்சுகளை அழுத்தி அழுத்திக் கை வலித்தது. கோடக்கும் சாண்டர்ஸும் ரயில் அறைக்குப் போய்க் கிடைத்த மரம், சுவிட்சு, கம்பியை வைத்துத் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்துவிட்டார்கள். இன்று பிள்ளைகள் கையில் இருக்கும் கேம் கன்ட்ரோலரின் முன்னோர்களில் ஒன்று ரயில் கிளப்பின் உதிரிச் சாமானிலிருந்து வந்தது.

ஆனால் அந்த அற்புதமான எக்ஸ்சேஞ்சும் பிளாக்கோடுதான் பேசியது, என்ஜினோடு அல்ல. என்ஜின் எதையும் புரிந்துகொள்ளாத மோட்டாராகவே இருந்தது. அதற்குக் காது கொடுக்கும் முயற்சிகள் தனியே நடந்தன. 1960-களின் முதல் பாதியில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் ஒவ்வொரு என்ஜினுக்கும் ஓர் அதிர்வெண் ஒதுக்கி, ஐந்து என்ஜின்கள் வரை தனித்தனியே ஓட்டிக் காட்டியது. 1979-ல் பிரிட்டனின் ஹார்ன்பி, நுண்செயலி வைத்து 16 என்ஜின்களை ஓட்டும் கருவியை விற்றது. கடைசியில் வென்றது ஜெர்மன் பொறியாளர் பெர்ண்ட் லென்ஸ் 1980-களின் இறுதியில் வடிவமைத்த முறை. அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் அதை அடிப்படையாக வைத்து 1994-ல் பொதுத் தரத்தை வெளியிட்டது. டி.சி.சி. என்று ரயில் பிரியர்கள் சொல்வது இதைத்தான். யார் செய்த கருவியும் யார் செய்த என்ஜினோடும் பேசலாம் என்ற இந்தப் பொதுத்தன்மைதான் அதை நிலைக்கவைத்தது என்பேன்.

இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும், ஹெச்.ஓ. அளவில் ஏறக்குறைய 14, 15 வோல்ட். ரயில் நின்றாலும் பெட்டிகளில் விளக்கு எரியும். அந்த மின்சாரம் ஒரே திசையில் பாயாமல், வினாடிக்குப் பல ஆயிரம் முறை துருவம் மாறிக்கொண்டே இருக்கிறது. செய்தி ஒளிந்திருப்பது அந்த மாற்றத்தின் தாளத்தில்: 58 மைக்ரோவினாடிக்கு ஒருமுறை துருவம் மாறினால் அது ‘1’, 100 மைக்ரோவினாடியோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டால் ‘0’. மோட்டாரை ஓட்டும் ஆற்றலும் மோட்டாருக்கான உத்தரவும் ஒரே அலையில் வருகின்றன. ஆற்றலின்மேல் உத்தரவை ஏற்றி அனுப்பவில்லை. ஆற்றலையே எழுத்தாக வெட்டிவிட்டார்கள்.

ஓர் உத்தரவைக் கிட்டே வைத்துப் பார்க்கலாம். கடையில் வாங்கும் புது டிகோடருக்கு, அதாவது என்ஜினுக்குள் உட்காரும் அந்தச் சில்லுக்கு, வழக்கமாக 3 என்ற எண்ணே கொடுக்கப்பட்டிருக்கும். ‘3-ஆம் எண் என்ஜினே, முன்னோக்கி, 28 படிகளில் 11-ஆம் படி வேகத்தில் போ’ என்று சொல்ல வேண்டும். முதலில் குறைந்தது பதினான்கு ‘1’ வரிசையாகப் போகும்: கவனியுங்கள் என்று அர்த்தம். ஒரு ‘0’. பிறகு முகவரி, 00000011. ஒரு ‘0’. பிறகு உத்தரவு, 01100111. இதில் மூன்றாம் இடத்தில் இருக்கும் ‘1’தான் ‘முன்னோக்கி’. மறுபடி ஒரு ‘0’. கடைசியாகச் சரிபார்ப்பு எண், 01100100. முகவரியையும் உத்தரவையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, ஒரே இலக்கம் வந்த இடத்தில் 0, வேறுபட்ட இடத்தில் 1 என்று போட்டால் இந்த எண் கிடைக்கும். முடிவைக் குறிக்க ஒரு ‘1’. மொத்தம் 42 துடிப்புகள், ஏறக்குறைய 6.3 மில்லிவினாடி. வினாடிக்கு 150-க்கும் மேற்பட்ட உத்தரவுகளை இப்படி அனுப்பிவிடலாம்.

ரயில் நிலைய ஒலிபெருக்கியில் அறிவிப்பு எல்லார் காதிலும்தான் விழுகிறது, அந்த வண்டிக்கு வந்தவர்கள் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். இங்கும் அதேதான். தண்டவாளத்தில் நிற்கும் அத்தனை என்ஜின்களும் அத்தனை உத்தரவுகளையும் கேட்கின்றன. தன் எண் இல்லையென்றால் டிகோடர் அதை விட்டுவிடும். தூசியால் சக்கரம் துள்ளி, நடுவில் ஓர் எழுத்து கெட்டுப்போனால் சரிபார்ப்பு எண் பொருந்தாது. அந்த உத்தரவைத் தூக்கிப்போட்டுவிட்டு, முன்பு சொன்னதையே செய்துகொண்டிருக்கும். உத்தரவுகளை அனுப்பும் கருவியான கமாண்ட் ஸ்டேஷன் சலிக்காமல் அதே உத்தரவைத் திரும்பத் திரும்ப அனுப்புவதால் அடுத்த முறை பிடித்துக்கொள்ளும்.

டிகோடர் செய்கிற இன்னொரு காரியம் எனக்கு இதைவிடப் பிடிக்கும். மோட்டாருக்குக் கொடுக்கும் மின்சாரத்தை அது அடிக்கடி கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக நிறுத்துகிறது. அந்த இடைவெளியில் மோட்டார் சுற்றிய வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மின்சாரம் கொடுக்காமல் சுற்றும் மோட்டார் என்பது ஜெனரேட்டர்தானே? அது உண்டாக்கும் சின்ன வோல்ட்டை டிகோடர் அளக்கிறது. வேகம் எவ்வளவு என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். மேட்டில் ஏறும்போது வேகம் குறைந்தால் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும், இறக்கத்தில் குறைத்துக்கொள்ளும். சக்கரத்தில் எந்த அளவுகருவியும் இல்லை; தள்ளுகிற பொருளையே கேட்டுத் தெரிந்துகொள்கிறது. இதன்மேல் ‘வேகத்தை மெல்ல ஏற்று, மெல்ல இறக்கு’ என்று இரண்டு எண்களை எழுதிவைத்தால், குட்டி என்ஜின் 120 டன்னின் பொறுமையோடு நகரும். சுருக்கியபோது தொலைந்த கனம் கணக்காகத் திரும்பி வருகிறது.

அந்த வளைவுச் சிக்கலும் இங்கே அவிழ்கிறது. என்ஜின் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதைத் தண்டவாளத்தின் துருவம் இப்போது தீர்மானிப்பதில்லை, உத்தரவு தீர்மானிக்கிறது. துருவம் எப்படி இருந்தாலும் டிகோடர் தன் உள்ளே அதைச் சீராக்கிக்கொள்ளும். ஆகவே ரயில் வளைவுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தத் துண்டின் துருவத்தைத் தடாலென்று மாற்றலாம், என்ஜினுக்குத் தெரியவே தெரியாது. முதல் சக்கரம் இடைவெளியைத் தாண்டும்போது வரும் ஷார்ட்டையே அறிகுறியாக எடுத்துக்கொண்டு, சில மில்லிவினாடிகளில் துருவத்தை மாற்றிவிடும் தானியங்கிக் கருவிகள் கிடைக்கின்றன. ஷார்ட் தவறு அல்ல, தகவல்.

கட்டத் தொடங்குகிறவர்கள் தண்டவாளத்துக்குக் கீழே செலவு செய்யத் தயங்கக் கூடாது. தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் சின்னத் தகட்டை நம்பி மின்சாரத்தைத் தொலைதூரம் அனுப்பினால் இரண்டே பருவத்தில் துரு ஏறி, மூலையில் ரயில் திக்கித் திணறும். மேசைக்கு அடியில் தடித்த செம்புக் கம்பி ஜோடி ஒன்றை ஓடவிட்டு, அதிலிருந்து ஒவ்வொரு துண்டுக்கும் மெல்லிய கம்பி பற்றவைப்பதே நல்ல பழக்கம். பாயிண்ட்டில் நாக்குத் தண்டவாளங்களுக்கு அப்பால், இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் கிராசிங்கைக் கவனிக்க வேண்டும். அந்த உலோக முனை ஒரு பாதைக்குப் பிளஸ், மற்றதுக்கு மைனஸ். பாயிண்ட் திரும்பும்போது அதன் துருவமும் கூடவே மாற வேண்டும். பிளாஸ்டிக்கில் செய்துவிட்டால் ஷார்ட் வராது, ஆனால் சிறிய என்ஜின் மெதுவாகப் போகும்போது அங்கேயே மின்சாரம் இழந்து நின்றுவிடும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு நாணயத்தை எடுத்து இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வையுங்கள். கருவி அந்தக் கணமே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். லேஅவுட்டின் ஒவ்வொரு மூலையிலும் இதைச் செய்ய வேண்டும். எங்காவது நிற்காவிட்டால் அங்கே கம்பி மெலிது, அல்லது இணைப்பு தளர்வு என்று பொருள். 15 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்றால் 75 வாட். தடம்புரண்ட பெட்டியின் பிளாஸ்டிக்கை உருக்க அது தாராளம்.

பாதையில் ரயில் இருப்பதை அறிய அந்த பிளாக் இழுக்கும் மின்னோட்டத்தை அளந்தால் போதும். என்ஜின் தானே இழுக்கும். வெறும் பெட்டிகளின் அச்சில் சில ஆயிரம் ஓம் மின்தடை ஒன்றை ஒட்டினால், கழன்று தனியே நிற்கும் பெட்டியும் ‘இங்கே இருக்கிறேன்’ என்று சொல்லும். தகவல் கணினிக்குப் போனால் சிக்னல்கள் தாமே மாறும். 2001-ல் ஹாம்பர்க் நகரின் பழைய கிடங்குப் பகுதியில் திறந்த மினியாட்டூர் வுண்டர்லாண்ட், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்களைக் கணினியின் பொறுப்பில் விட்டிருக்கிறது.

வீட்டு லேஅவுட்டுகளுக்கான இலவச மென்பொருள்களில் பெயர்பெற்றது ஜே.எம்.ஆர்.ஐ. அதன் முக்கிய ஆசிரியர் ராபர்ட் ஜேக்கப்சன், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இயற்பியல் பேராசிரியர். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம். எழுதியவர்களின் பெயரையும் செய்த மாற்றத்தையும் குறிப்பிட வேண்டும் என்பதே முன்பிருந்த உரிமத்தின் நிபந்தனை. வணிக நிறுவனம் ஒன்று அதிலிருந்த டிகோடர் கோப்புகளைப் பெயர்கள் இல்லாமல் தன் பொருளில் சேர்த்துக்கொண்டது என்று அவர் வழக்குத் தொடுத்தார். இலவசமாகக் கொடுத்த பிறகு நிபந்தனை மீறல் என்பது வெறும் ஒப்பந்த மீறல்தான், பதிப்புரிமை மீறல் ஆகாது என்ற போக்கில் கீழ் நீதிமன்றம் தடையுத்தரவை மறுத்தது. 2008 ஆகஸ்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருத்தியது: காசு வாங்காவிட்டாலும் அந்த நிபந்தனைகளுக்குப் பொருளாதார மதிப்பு உண்டு, அவற்றை மீறுவது பதிப்புரிமையை மீறுவதாகும். 2010-ல் இரு தரப்பினரும் சமரசமானார்கள். திறந்தமூல உரிமங்களைப் பற்றிப் பேசும் வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டாமல் இருப்பது அரிது. என்ஜினுக்குள் இருக்கும் சில்லில் எண் எழுதும் கோப்புகளுக்காக நடந்த வழக்கு அது.

அந்தத் தாராளத்தின் பலன் இப்போது நேரடியாகக் கிடைக்கிறது. ஆர்டுயினோ என்ற சிறு நுண்கணினிப் பலகையும் மோட்டாரை இயக்கும் துணைப் பலகையும் இருந்தால், திறந்தமூல நிரலை ஏற்றி, சொந்தமாகவே டி.சி.சி. கமாண்ட் ஸ்டேஷன் செய்துகொள்ளலாம். பழைய மடிக்கணினியில் ஜே.எம்.ஆர்.ஐ.யை ஓட்டினால் கைபேசியே ஓட்டுநரின் குமிழாகிவிடும். தண்டவாளத்தில் அலைக்காட்டி ஒன்றை இணைத்துப் பார்க்க முடிந்தால் கட்டாயம் பாருங்கள். குறுகியவையும் அகன்றவையுமாகச் சதுர அலைகள் திரையில் ஓடும். பொறுமையாக எண்ணினால் 00000011 என்ற முகவரியைக் கண்ணாலேயே படித்துவிடலாம்.